நித்தியகல்யாணிக் கஷாயமும் வின்கிரிஸ்டின் ஊசியும் ஒன்றா?

கேள்வி இதுதான்: "அக்கா பையனுக்கு 6 வயது. ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். கீமோ ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நித்தியகல்யாணிப் பூக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, முள் சீத்தா இலை, மஞ்சள் மாத்திரை. செடிகொடிகளில் இருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்று நானும் படித்தேன். இது உண்மையா? உண்மை என்றால் நேரடியாகவே கொடுத்தால் என்ன?"

உண்மைதான். அந்த மருந்து ஏற்கெனவே உங்கள் அக்கா பையனின் உடம்பில் ஏறிக்கொண்டிருக்கிறது. அவனுடைய ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். முதல் மாதத்தில் வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து ஒன்று இருக்கும். வி.சி.ஆர். என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். வின்கிரிஸ்டின். அது நித்தியகல்யாணியின் சரக்கு.

அப்படியானால் வாசலில் பூத்து நிற்பதையே பறித்துக் கொதிக்க வைத்தால் என்ன என்று கேட்பது நியாயம்தான். நான் மருத்துவன் அல்ல. ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் மருந்தகத்தில் கீமோவை அளந்து கலந்து கொடுப்பது என் வேலை. அந்த இடத்தில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நித்தியகல்யாணியின் சொந்த ஊர் மடகாஸ்கர். நம் பக்கம் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். உலகத்தின் பல மூலைகளில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடித்திருக்கிறார்கள். 1952இல் ஜமைக்காவில் இருந்து டொரன்டோவுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இந்தச் செடியின் 25 இலைகள். வாங்கியவர் கிளார்க் நோபிள் என்ற மருத்துவர். இன்சுலின் கண்டுபிடிப்பில் பான்டிங்குக்கு உதவியாளராக யார் முதலில் போவது என்று சார்லஸ் பெஸ்டுடன் காசு சுண்டிப் பார்த்துத் தோற்றவர் இவர்தான் என்று ஒரு கதை உண்டு. அவர் இலைகளைத் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். தம்பிக்கு மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை.

ராபர்ட் இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். சர்க்கரை இறங்கவில்லை. சரி, ஊசியாகப் போடலாம் என்று போட்டார். எலிகள் சில நாளில் கிருமித் தொற்று வந்து செத்தன. வேறு யாராவது இருந்தால் நோட்டை மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள். இவர் செத்த எலியின் ரத்தத்தைப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் காணாமல் போயிருந்தன, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை வறண்டு கிடந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்? அதைக் குறைக்கிற விஷம் என்றால் அங்கே வேலை இருக்கிறது. சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்து, அந்த விஷத்தைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே சமயத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்திலும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். லுக்கீமியா வந்த சுண்டெலிகள் கூடுதல் நாள் வாழ்வதைக் கண்டார்கள். அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின். 1963இல் நோயாளிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது.

இதை 'நாட்டு மருந்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜனங்கள் குடித்தது சர்க்கரைக்கு. இலை கனடாவுக்குப் போனதும் சர்க்கரைக்காகத்தான். ரத்தப் புற்றுநோய் என்ற பேச்சே, எலி செத்த பிறகு வந்தது.

இப்போது உங்கள் கஷாயத்துக்கு வருகிறேன். நித்தியகல்யாணியில் ஆல்கலாய்டுகள் என்ற வீரியமான வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அதில் வின்பிளாஸ்டின் கொஞ்சம், வின்கிரிஸ்டின் அதைவிடக் கொஞ்சம். ஒரே ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிரிட்டு, இலையைத் தனியாக, வேரைத் தனியாகக் காயவைத்து மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். வேரில் இருப்பது அஜ்மலிசின், ரத்த அழுத்தத்துக்கான சரக்கு. ஒரே செடியின் இலைக்கு ஒரு வேலை, வேருக்கு ஒரு வேலை. கஷாயத்தில் எல்லாம் சேர்ந்து இறங்கும். எவ்வளவு கசப்பு என்று நாக்குச் சொல்லும், எவ்வளவு மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு, இந்த மருந்து வாய்வழியாகப் போனால் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அதனால்தான் ஊசி.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த இரண்டு மருந்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறு. வின்பிளாஸ்டினில் ஓர் இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டு ஓர் ஆக்ஸிஜனை வைத்தால் வின்கிரிஸ்டின். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை அடிக்கும். வின்கிரிஸ்டின் மஜ்ஜையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு நரம்பை அடிக்கும். உங்கள் பையனுக்கு ஏன் வின்கிரிஸ்டின் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. அவன் மஜ்ஜை முழுக்கப் புற்றணுக்கள் அடைத்துக்கொண்டு, நல்ல அணுக்கள் மூச்சுத் திணறிக் கிடக்கின்றன. மிச்சம் இருக்கிற நல்ல மஜ்ஜையைக் காப்பாற்றிக்கொண்டு புற்றணுவை மட்டும் குறைக்க வேண்டும். அதற்குத் தோதானது வின்கிரிஸ்டின். வின்பிளாஸ்டினுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் இடம் கிடைத்தது. கஷாயத்தில் இரண்டும் கலந்தல்லவா இருக்கும்?

வேலை செய்கிற விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். உடம்பில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க நூல் மாதிரி நுண்குழாய்கள் உருவாகும். டியூபுலின் என்ற புரதம் கல்மேல் கல் வைத்தது போல் அடுக்கி அந்தக் குழாயைக் கட்டும். வின்கிரிஸ்டின் போய் அந்தக் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. கட்டடம் எழும்பாது. பாதியில் மாட்டிக்கொண்ட அணு செத்துப்போகும். நம் நரம்புகளுக்குள் சரக்குப் போக்குவரத்து நடப்பதும் இதே குழாய்கள் வழியாகத்தான். அதனால்தான் பையனுக்குத் தாடை வலி, மலச்சிக்கல் எல்லாம் வரலாம். நடக்கும்போது முன்பாதம் தொய்ந்து தடுக்கி விழலாம். கால் செருப்பு அடிக்கடி நழுவுகிறது என்றால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். விளையாட்டு என்று விட்டுவிட வேண்டாம்.

எங்கள் அறையில் இது எப்படிக் கிளம்புகிறது என்று சொல்கிறேன். ஆறு வயதுப் பையனின் உடல் பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் 1.2 மில்லிகிராம். குப்பியில் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் இருக்கும், ஆக 1.2 மில்லி. ஒரு டீஸ்பூனில் கால்வாசி. தண்ணீர் மாதிரி நிறமே இருக்காது. ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். அதன் மேல் ஒட்டும் சீட்டில் 'ரத்தக்குழாயில் மட்டும், வேறு வழியில் போட்டால் உயிர் போகும்' என்ற பொருளில் எச்சரிக்கை இருக்கும். ஏன் தெரியுமா? இதே குழந்தைகளுக்கு முதுகுத்தண்டிலும் ஒரு ஊசி போடுவார்கள், அது வேறு மருந்து. இரண்டு சிரிஞ்சும் கைமாறி வின்கிரிஸ்டின் முதுகில் போய், உயிர்கள் போயிருக்கின்றன. பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2007இல் உலக சுகாதார நிறுவனமே, இதைச் சிரிஞ்சில் கொடுக்காமல் சிறிய டிரிப்ஸ் பையில் கலந்து கொடுங்கள் என்று சொன்னது. பையை யாரும் முதுகில் ஏற்ற முடியாதல்லவா? 1.2 மில்லிக்கு இத்தனை காவல். அடுப்பில் கொதிக்கும் கஷாயத்துக்கு ஒரு காவலும் கிடையாது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தனை நல்ல மருந்தான வின்கிரிஸ்டின்கூடத் தனியாக யாரையும் குணப்படுத்தவில்லை. தனியாகக் கொடுத்தபோது குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு நோய் அடங்கியது, அப்புறம் திரும்பி வந்தது. பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டைச் சேர்த்ததும் அடங்குகிறவர்கள் நூற்றுக்கு எண்பதைத் தாண்டினார்கள். அப்போதும் திரும்பி வந்தது. மூன்று, நான்கு மருந்துகளைச் சேர்த்து, மூளைத் தண்டுவடத்துக்கும் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று வருஷம் விடாமல் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. 1960களின் தொடக்கத்தில் இந்த நோயில் பிழைத்த குழந்தைகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. இன்று நல்ல மையங்களில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டணியில் நித்தியகல்யாணி ஓர் உறுப்பினர். முக்கியமான உறுப்பினர்தான், ஆனால் தனியாட்சி நடத்தியதே இல்லை.

நித்தியகல்யாணி மட்டும்தானா என்றால், இல்லை. இமயமலையில் போடோஃபில்லம் என்று ஒரு செடி இருக்கிறது, அமெரிக்காவிலும் அதன் உறவுக்காரச் செடி உண்டு. அதன் வேரில் எடுத்த விஷத்தை அப்படியே கொடுத்தால் குடலைக் கிழித்துவிடும். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தார் அதை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எட்டோபோசைட் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், தாய்ச் சரக்கு டியூபுலினைப் பிடிக்கும், மகள் சரக்கு டியூபுலினைத் தொடுவதே இல்லை. டி.என்.ஏ. முறுக்கேறிக் கிடக்கும்போது அதை வெட்டி, முறுக்கை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டுகிற நொதி ஒன்று உண்டு. எட்டோபோசைட் வெட்ட விடும், ஒட்ட விடாது. லிம்போமாவிலும் சில லுக்கீமியா சிகிச்சைகளிலும் இன்றைக்கும் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் எட்டோபோசைட் எடுத்துக்கொண்ட சிலருக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், அந்த மருந்தாலேயே புதிதாக ஒரு லுக்கீமியா வருவதும் உண்டு. டி.என்.ஏ.வை வெட்டுகிற சரக்கு நல்ல அணுவிலும் வெட்டும். 'மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இதுதான்.

செஃபலோடாக்சஸ் என்ற கிழக்காசிய ஊசியிலை மரத்தில் இருந்து ஹோமோஹாரிங்டோனின் வந்தது. சீனாவில் 1970களில் இருந்தே ஏ.எம்.எல். என்ற வேறு வகை லுக்கீமியாவுக்குக் கொடுக்கிறார்கள். அணுவுக்குள் புரதம் தயாராகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும் சரக்கு இது. புற்றணு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க நம்பியிருக்கும் சில புரதங்களுக்கு ஆயுள் குறைவு. அடிக்கடி புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். உற்பத்தி நின்றால் அவை முதலில் தீர்ந்துபோகும். இதன் பகுதிச் செயற்கை வடிவமான ஓமாசெடாக்சினுக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சி.எம்.எல். என்ற, மெதுவாக வளரும் லுக்கீமியாவில் இமாட்டினிப் வகை மாத்திரைகளில் இரண்டு அல்லது அதற்கு மேல் பலிக்காமல் போனவர்களுக்கு. தோலுக்கு அடியில் போடும் ஊசி.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜெயித்த மருந்தின் கதை அல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் டைசோசைலம் என்று ஒரு மரம் வளர்கிறது. வேப்பங்குடும்பத்து மரம். அதில் ரோஹிடுகின் என்ற பொருள் இருப்பதை மும்பையில் ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கவனித்து, அதை மாதிரியாக வைத்து ஃபிளேவோபிரிடோல் என்ற மருந்தைச் செய்தார்கள். அணு பிரியும் வேகத்தை நடத்துகிற சி.டி.கே. நொதிகளைத் தடுக்கும் மருந்துகளில், மனிதர்களிடம் முதன்முதலில் சோதனைக்குப் போனது இதுதான். ஆய்வகத் தட்டில் சி.எல்.எல். லுக்கீமியா அணுக்களை அருமையாகக் கொன்றது. நோயாளிகளுக்கு மூன்று நாள் விடாமல் டிரிப்ஸில் ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஆய்வகத்தில் அணுக்களை வளர்ப்பது கன்றுக்குட்டியின் சீரத்தில், அதாவது ரத்தத்தில் இருந்து பிரித்த தெளிந்த நீரில். மனித ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் இந்த மருந்தை அதைவிட இறுக்கமாகப் பிடித்துவைத்துக்கொண்டன. புற்றணுவுக்குப் போய்ச் சேர்ந்தது மிச்சம் மீதிதான்.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைக் கணக்குப் போட்டு, முதல் அரை மணி நேரத்தில் ஒரு பெரிய பங்கு, அடுத்த நான்கு மணி நேரத்தில் மீதி என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்போது வேலை செய்தது. எவ்வளவு வேலை என்றால், புற்றணுக்கள் ஒரே நேரத்தில் கொத்தாக வெடித்து, உள்ளே இருந்த பொட்டாசியம் எல்லாம் ரத்தத்தில் கொட்டி, நோயாளிகளை டயாலிசிஸ் வரை கொண்டுபோனது. அதே மருந்து. கொடுத்த வேகம் மட்டும்தான் மாறியது. கடைசியில் இப்ருட்டினிப், வெனட்டோகிளாக்ஸ் போன்ற மாத்திரைகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஃபிளேவோபிரிடோல் கடைக்கே வரவில்லை.

நெட்டில் நீங்கள் படிக்கிற 'லுக்கீமியாவை அழிக்கும் மூலிகை' செய்திகளில் பெரும்பாலானவை இந்தத் தட்டோடு நிற்பவை. தட்டில் அணுவைக் கொல்வது கஷ்டமே இல்லை. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினை விட்டால்கூட லுக்கீமியா அணுக்கள் சாகும். மஞ்சளின் குர்குமின் நல்ல உதாரணம். தட்டில் பலன் காட்டப் பொதுவாக 10, 20 மைக்ரோமோலார் (திரவத்தில் மருந்து எவ்வளவு அடர்த்தி என்பதன் அளவு) ஊற்றுகிறார்கள். ஓர் ஆள் ஒரே நாளில் 8 கிராம் குர்குமின் விழுங்கினாலும் ரத்தத்தில் இரண்டு மைக்ரோமோலாரை எட்டுவது அரிது. குடலும் கல்லீரலும் அதை உடனே வேறொன்றாக மாற்றி வெளியே தள்ளிவிடும். மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த சிலரிடம் ஆஸ்திரேலியாவில் சின்னச் சோதனை நடத்தி, சில ரத்த அளவுகள் கொஞ்சம் இறங்கியதைக் காட்டினார்கள். பிரிட்டனில் ஒரு மைலோமா நோயாளிக்குக் குர்குமின் எடுத்தபோது நோய் பல ஆண்டுகள் அடங்கியிருந்ததாக 2017இல் ஒரு மருத்துவக் குறிப்பு வந்தது. ஒருவருக்கு நடந்தது அந்த ஒருவருக்கு நடந்ததுதான். குர்குமின் ஆய்வுகளில் பெயர் பெற்ற ஓர் அமெரிக்க ஆய்வகத்தின் பல கட்டுரைகள் படங்களில் கோளாறு என்று திரும்பப் பெறப்பட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுபக்கம், மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் பலர் பதிவில் இருக்கிறார்கள். உங்கள் பையனுக்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸும் மெத்தோட்ரெக்சேட்டும் ஏற்கெனவே கல்லீரலைச் சோதிக்கிற மருந்துகள். அதன் மேல் இது எதற்கு? சாம்பாரில், ரசத்தில் போடுகிற மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, அது சாப்பாடு.

கிரீன் டீ கதை இரண்டு பக்கமும் கூர்மையானது. அதில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், சிகிச்சை இன்னும் தேவைப்படாத சி.எல்.எல். நோயாளிகள் 42 பேருக்கு, ஒரு வேளைக்கு 2000 மில்லிகிராம் வீதம் தினமும் இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு வெள்ளை அணு எண்ணிக்கை ஓரளவு இறங்கியது, பலருக்கு நெறிக்கட்டிகள் சுருங்கின. மோசமில்லை. ஆனால் நோயைத் தீர்க்கும் மருந்தாக அது வளரவில்லை. இதே ஈ.ஜி.சி.ஜி., மைலோமாவின் முக்கிய மருந்தான போர்டெசொமிப்பை நேராகப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது என்று 2009இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஆய்வகத்திலும் எலிகளிலும் காட்டினார்கள். போர்டெசொமிப்பில் போரான் இருக்கிறது. கிரீன் டீச் சரக்கு அந்தப் போரானோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஊசி போட்டுக்கொண்டு, உடம்புக்கு நல்லது என்று கிரீன் டீ மாத்திரை விழுங்கினால், ஊசி வீணாகும் வாய்ப்பு இருக்கிறது. மைலோமா நோயாளிகளின் வீட்டாரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

அவுரியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நம் ஊருக்கும் சீனாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நீலச் சாயம் எடுக்கும்போது கூடவே கொஞ்சம் சிவப்புச் சாயமும் வரும். அதன் பெயர் இண்டிருபின். சி.எம்.எல்.லுக்குச் சீனாவில் கொடுத்துவந்த ஒரு பல சரக்குச் சூரணத்தைப் பிரித்துப் பார்த்தபோது, வேலை செய்தது அதிலிருந்த நீலப்பொடிதான் என்று தெரிந்தது. அதற்குள் இருந்தது இண்டிருபின். சீனர்கள் சாயம் எடுக்கும் செடிகள் வேறு, சாயம் நம் அவுரியில் வருவதேதான். 2001இல் இமாட்டினிப் வந்ததும் சி.எம்.எல்.லில் அதற்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் ஏ.பி.எல். என்ற இன்னொரு லுக்கீமியாவில், நீலப்பொடியோடு மனோசிலை என்ற ஆர்சனிக் தாதுவைச் சேர்த்த மாத்திரையைச் சீனாவில் முறையாகச் சோதித்து, ஆர்சனிக் ஊசிக்கு அது குறைவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். மனோசிலை என்றதும் சித்த மருத்துவம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு மாத்திரையிலும் எவ்வளவு ஆர்சனிக் என்று அளந்திருந்தார்கள், கூடவே வைட்டமின் ஏ வகை மருந்தும் கொடுத்தார்கள், நோயாளிகளைப் பிரித்து வைத்து ஒப்பிட்டார்கள். இது ஏ.பி.எல்.லுக்கு மட்டும். ஏ.எல்.எல். பையனுக்கு மனோசிலை கொடுத்தால் கிடைப்பது வெறும் ஆர்சனிக்.

இனி உங்கள் பட்டியலில் மிச்சம் இருப்பவை. முள் சீத்தா: அதில் அன்னோனசின் என்று ஒரு நரம்பு நஞ்சு இருக்கிறது. கரீபியன் தீவான குவாதலூப்பில், முள் சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான ஒரு நோய் கூடுதலாக இருந்ததை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். வின்கிரிஸ்டினால் ஏற்கெனவே நரம்பு அடி வாங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த இலையா? வேண்டவே வேண்டாம்.

பப்பாளி இலைச் சாறு டெங்கு வந்த பிறகு எல்லா வீட்டிலும் நுழைந்துவிட்டது. 'பிளேட்லெட் ஏறும்' என்பார்கள். டெங்குவில் பிளேட்லெட் குறைவதும் லுக்கீமியாவில் குறைவதும் வேறு வேறு காரணம். இவனுக்கு மஜ்ஜையில் இடமே இல்லை, இடம் கிடைத்தால் தானாக ஏறும். ஒரு பாட்டி தினமும் காலையில் எவர்சில்வர் தூக்கில் பச்சைச் சாறு கொண்டுவந்து, நர்ஸ் திரும்பும் நேரம் பார்த்துப் பேரனுக்குப் புகட்டுவார். ஒருநாள் கையும் களவுமாக என்னிடம் மாட்டினார். "கண்ணு, இது இலைதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்றார். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் பேரனுக்கு அன்றைக்கு 200. ஐந்நூறுக்குக் கீழே போனாலே நாங்கள் பயப்படுகிறவர்கள். இலையைக் கழுவினீர்களா என்றேன், பைப் தண்ணீரில் கழுவினேன் என்றார். கொதிக்க வைக்காத இலைச்சாறும் பைப் தண்ணீரும், எதிர்த்துப் போராட வெள்ளை அணு இல்லாத குடலுக்குள் போகின்றன. இலையைவிட அதில் ஒட்டிக்கொண்டு வருகிற கிருமிதான் எனக்குப் பயம். பாட்டிக்கு அது புரிந்தது. அடுத்த நாளில் இருந்து அதே தூக்கில் நன்றாகக் குழைந்த கஞ்சி வந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வின்கிரிஸ்டினைக் கல்லீரலில் சி.ஒய்.பி.3ஏ என்ற நொதிக் கூட்டம்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அந்த நொதியைத் தடுக்கிற எது உள்ளே போனாலும் 1.2 மில்லிகிராம் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தது போல் வேலை செய்யக்கூடும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல், வோரிகொனசோல் சேர்ந்து குழந்தைகளுக்குக் கை கால் தளர்ந்துபோனது பதிவாகியிருக்கிறது. அதனால் வேறு டாக்டரிடம் காய்ச்சல், படை, சொறி என்று போனால் வின்கிரிஸ்டின் போய்க்கொண்டிருப்பதைச் சொல்லியே ஆகவேண்டும். கிரேப்ஃப்ரூட்டும் அதே நொதியைத் தடுக்கும், அதன் உறவான பம்ளிமாஸையும் சிகிச்சை முடியும்வரை தள்ளிவைக்கலாம். சாத்துக்குடி, ஆரஞ்சு பற்றி அந்தக் கவலை இல்லை. ஆனால் ரத்த அணுக்களின் கவுன்ட் குறைந்திருக்கும்போது, தோலைக் கழுவி அப்போதே உரித்துக் கொடுங்கள். வெளியே பிழிந்த ஜூஸ் வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கேள்வி எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒன்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். எந்த இலை, எத்தனை டம்ளர், எந்தெந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். மிச்சம் இருக்கிற பொடியையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். திட்டு விழலாம், விழட்டும். கல்லீரல் சோதனையும் கவுன்ட்டும் அன்றே எடுத்துப் பார்த்துவிட்டு, வின்கிரிஸ்டினைப் போடலாமா தள்ளலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். அந்தச் சீட்டின் ஒரு நகலை மருந்தகத்திலும் கொடுங்கள்.